இரண்டு கிழட்டுக் கார்களில் எதற்கு மறுபிறவி?

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். ஆனால் ஒரே கொட்டகையில் இரண்டு பழைய கார்கள் இருக்கலாம். இங்கிலாந்தில் பல வீடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம்.

ஒரு மூலையில் துருப்பிடித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. இரண்டின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி. "கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும், இரண்டையும் புதுசுபோல் ஆக்கிவிடுகிறேன்" என்று சொந்தக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். வருஷங்கள் ஓடும், கார்கள் மட்டும் ஓடா!

அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. இடம் ஒன்று, பணப்பை ஒன்று, கைகள் இரண்டு. இதை வைத்துக்கொண்டு இரண்டு கார்களைப் பிரித்துப் போட்டால், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற கதைதான். ஆகவே ஒன்றை எடுக்க வேண்டும். மற்றதை விட வேண்டும்.

எதை எடுப்பது? எதை விடுவது?

இதில் முடிவு பிசகினால் சேமிப்பு கரையும். வீட்டில் நிம்மதி போகும். கடைசியில் இரண்டு கார்களுமே பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும்.

இரண்டு அழகிகள்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஓர் ஆங்கிலேயரிடம் 1971-ம் ஆண்டு எம்.ஜி.பி. திறந்த கார் ஒன்றும், 1972-ம் ஆண்டு டிரயம்ப் டி.ஆர்.6 ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எம்.ஜி.பி. முழுசாக இருக்கிறது. ஒரு போல்ட்கூடக் கழற்றப்படவில்லை. எஞ்சினும் சுற்றுகிறது. ஆனால் அடிப்பாகத்தைத் துரு தின்றிருக்கிறது.

டி.ஆர்.6 வேறு கதை. முன்பு வைத்திருந்தவர் உற்சாகமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, உற்சாகம் தீர்ந்ததும் விற்றுவிட்டார். பாடி தனி, எஞ்சின் தனி. மிச்சமெல்லாம் அட்டைப் பெட்டிகளில்!

இரண்டும் சாதாரணக் கார்கள் அல்ல. ஒரு காலத்தில் வாலிபர்களின் தூக்கத்தைக் கெடுத்தவை.

எம்.ஜி.பி. கார் 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவாயிற்று. மொத்தம் 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. 1980-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

டி.ஆர்.6 காவென்ட்ரி நகரத்துப் பிள்ளை. 1968 கடைசியில் தொடங்கி 1976 வரை உற்பத்தியாயிற்று. 90 ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின. பத்தில் ஒரு பங்குகூட இங்கிலாந்தில் தங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடைத்தெருவில் இரண்டும் போட்டிக் கார்கள். ஆனால் 1968-ல் பல கம்பெனிகள் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்று ஆனபோது, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன!

நமக்கும் உறவு

இந்தக் கார்களுக்கும் நமக்கும்கூட ஓர் உறவு இருக்கிறது.

நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸிடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் ஒரே குடும்பம். அண்ணன் தம்பி என்றே சொல்லலாம்.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்தார்களே, நினைவிருக்கிறதா? அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலிய நிபுணர் மிச்செலாட்டி. டி.ஆர்.4 காருக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. அந்த உருவத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஜெர்மனியின் கார்மான் கம்பெனி மாற்றி அமைத்தது. அப்படிப் பிறந்ததுதான் டி.ஆர்.6.

எலும்பு எங்கே இருக்கிறது?

பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். அனுபவசாலிகள் முதலில் படுத்துக்கொண்டு அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள்!

எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் வைக்கலாம். எலும்பு உளுத்துப்போனால் என்ன செய்வது?

இரண்டு கார்களுக்கும் எலும்பு இருக்கும் இடம் வேறு. எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாகப் பற்றவைத்து, உடம்பையே எலும்பாக்கி இருக்கிறார்கள். கதவுகளுக்கு அடியில் இரு பக்கமும் நீளமாக ஓடும் பெட்டிச் சட்டங்கள்தான் அதற்கு முதுகெலும்பு. மேலே கூரை இல்லாத கார் அல்லவா? பாரத்தை அந்தச் சட்டங்களே தாங்க வேண்டும்.

டி.ஆர்.6 பழைய முறைப்படி அமைந்தது. அடியில் கனமான இரும்புச் சேஸிஸ். அதன்மேல் பாடியை வைத்துப் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டுகளைக் கழற்றினால் பாடியைத் தூக்கித் தனியே வைத்துவிடலாம்.

"அப்படியானால் டி.ஆர்.6 தானே சுலபம்?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

துரு குடியிருக்கும் இடங்கள்

எம்.ஜி.பி.யின் கதவடிச் சட்டம் மூன்று அடுக்கு. வெளித்தகடு, உள்தகடு, இரண்டையும் கீழே சேர்க்கும் தகடு. உள்ளே தண்ணீரும் சேறும் தங்கிவிட்டால், உளுத்த மரத்தைப்போல் உள்ளிருந்தே அரிக்கும். சிலர் அழுகல் மேலேயே புதுத் தகட்டை ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பார்ப்பதற்கு மாப்பிள்ளை, உள்ளே நோயாளி!

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால், கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இருக்கைகளுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். 1974 வரை வந்த எம்.ஜி.பி.களில் இரண்டு 6 வோல்ட் பாட்டரிகளை அங்கே வைத்திருந்தார்கள். பாட்டரி அமிலம் சிந்தி, சுற்றியுள்ள தகட்டைத் தின்றிருக்கும்.

டி.ஆர்.6-ல் ஆபத்து பின்பக்கம். பின் சக்கரங்களைத் தாங்கும் கைகள் சேஸிஸோடு சேரும் இடத்தில் சேறு அடைத்துக்கொள்ளும். அங்கே சேஸிஸே இற்றுப்போகும். டிபரன்ஷியலைத் தாங்கும் இடங்களிலும் விரிசல் விடுவது உண்டு. பாடிக்கும் தனியாகத் துரு உண்டு. சேஸிஸ் தனி என்பதால் வேலை பாதியாகும் என்று நினைக்கக்கூடாது. இரண்டு இடத்தில் வேலை என்றும் ஆகலாம்!

இதயப் பரிசோதனை

எம்.ஜி.பி. எஞ்சின் நான்கு சிலிண்டர். இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள். 1964 கடைசி முதல் கிராங்க் ஷாப்டை ஐந்து பேரிங்குகள் தாங்குகின்றன. முரட்டு எஞ்சின். சாதாரண மெக்கானிக்கூடப் பிரித்து மாட்டலாம்.

டி.ஆர்.6 எஞ்சின் ஆறு சிலிண்டர், 2498 சி.சி. அதன் குரலே தனி. இங்கிலாந்தில் விற்றவற்றில் கார்புரேட்டர் கிடையாது. லூகாஸ் கம்பெனியின் பெட்ரோல் இன்ஜெக்ஷன் இருந்தது. ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு 150 குதிரை சக்தி என்று விளம்பரம் செய்தார்கள்.

அந்த இன்ஜெக்ஷன் நன்றாக இருக்கும்வரை அமிர்தம். கெட்டால் தலைவலி. அதன் மின்சாரப் பெட்ரோல் பம்பு சூடேறி மக்கர் பண்ணுவது பிரசித்தம். ஆகவே பலர் வேறு பம்பு மாட்டிக்கொண்டார்கள்.

டிரயம்ப் எஞ்சினில் இன்னொரு பரீட்சையும் உண்டு. ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் எஞ்சின் முன்னால் இருக்கும் கப்பியைப் பார்க்க வேண்டும். கப்பி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைந்தால் ஆபத்து. கிராங்க் ஷாப்ட் நகராமல் தடுக்கும் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அவை கழன்று விழுந்தால் எஞ்சின் பிளாக்கே பாழாகும்.

நம்பர் சொல்லும் ஜாதகம்

டி.ஆர்.6 வாங்குகிறவர்கள் நம்பர் தகட்டைப் பார்ப்பது அவசியம். சி.பி., சி.ஆர். என்று தொடங்கினால் அது இன்ஜெக்ஷனோடு பிறந்த கார். சி.சி., சி.எப். என்று தொடங்கினால் அமெரிக்காவுக்காகக் கார்புரேட்டரோடு செய்தது. விலையில் இது வித்தியாசம் உண்டாக்கும். தகட்டில் உள்ள நம்பரும் பதிவுப் பத்திரத்தில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் காரைக் கட்டி முடித்த பிறகு வழக்கு கட்ட வேண்டி வரும்!

சாமான் கிடைக்குமா?

இந்த விஷயத்தில் இரண்டு கார்களும் பாக்கியசாலிகள். அன்பர்கள் ஏராளம். எம்.ஜி. கார் கிளப் 1930-ல் தொடங்கியது. டி.ஆர். கார்களுக்கான சங்கம் 1970-ல் பிறந்தது. சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு.

ஆனால் எம்.ஜி.பி.க்கு ஒரு விசேஷம் இருக்கிறது. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, எம்.ஜி.பி.யின் முழுப் பாடியையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. தொழிற்சாலை மூடி 8 வருஷம் கழித்துப் புது உடம்பு! தனித் தகடுகளும் கிடைக்கின்றன.

டி.ஆர்.6-க்கும் பெரும்பாலான சாமான்கள் கிடைக்கும். ஆனால் இன்ஜெக்ஷன் சாமான்கள் விலை அதிகம். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு.

பெட்டிக்குள் இருக்கும் கார்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "எல்லாம் கழற்றியாகிவிட்டது, பாதி வேலை முடிந்த மாதிரி" என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

தானே கழற்றிய காரைத் தானே மாட்டலாம். எந்தப் போல்ட் எங்கே இருந்தது என்று ஞாபகம் இருக்கும். பிறர் கழற்றிய காரோ விடுகதை. பெட்டியில் இருப்பது இந்தக் காரின் சாமானா, வேறு காருடையதா? எது காணாமல் போயிற்று? பாதி வேலைக்குமேல்தான் தெரியும். சின்னச் சின்னச் சாமானாகச் சேர்ந்து பெரிய பில் வரும்.

ஆகவே முடிவு செய்யும் முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். சாமான் பட்டியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பெட்டிகளைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும். ஆனால் இரண்டு வருஷம் மிச்சமாகும்.

பணக் கணக்கு

ஒரு கசப்பான உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பாடி வேலையும் பெயிண்டும் வெளியில் கொடுத்துச் செய்தால், இந்தக் கார்களுக்குப் போட்ட பணம் விற்கும்போது திரும்பி வருவது அபூர்வம். டி.ஆர்.6 பொதுவாக எம்.ஜி.பி.யைவிட அதிக விலை போகும். ஆனால் அதைக் கட்டி முடிக்கும் செலவும் அதிகம். லாபத்துக்காக இறங்குகிறவர்கள் இறங்காமல் இருப்பதே லாபம்.

முடித்த பிறகு கொஞ்சம் ஆறுதல் உண்டு. இங்கிலாந்தில் 40 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி இல்லை. 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யாத இப்படிப்பட்ட கார்களுக்கு வருடாந்திரப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. ஆனால் ஓடத் தகுதியான நிலையில் வைப்பது சொந்தக்காரர் பொறுப்பு. பிரேக் பிடிக்கிறதா என்று சர்க்கார் பார்க்காவிட்டால், நாம்தானே பார்க்க வேண்டும்?

பெட்ரோல் விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 சதவிகிதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கும். எந்தக் காரை எடுத்தாலும் குழாய்களை மாற்றியே ஆக வேண்டும்.

உயிருக்கான எச்சரிக்கையும் ஒன்று. பழைய பிரேக் கட்டைகளிலும் கிளட்சிலும் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பற்றவைக்கும் முன் பாட்டரியையும் பெட்ரோல் டாங்கியையும் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும்.

தீர்ப்பு என்ன?

நம் உதாரணத்துக்கு வருவோம். முதன்முறையாகக் காரைப் புதுப்பிக்கிறவராக இருந்தால், எம்.ஜி.பி.யை எடுப்பதே புத்திசாலித்தனம். துரு அதிகம்தான். ஆனால் துரு கண்ணுக்குத் தெரிகிறது, தகடு கிடைக்கிறது, செலவை முன்கூட்டிச் சொல்லலாம். டி.ஆர்.6-ல் என்ன இல்லை என்பதே தெரியவில்லை. தெரிந்த நோய்க்கு மருந்து உண்டு.

ஒன்று நினைவிருக்கட்டும். சட்டத்தை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் கோணிக்கொள்ளும். கதவு ஜன்மத்துக்கும் மூடாது.

அனுபவசாலி என்றால் தீர்ப்பு மாறலாம். நம்பர் சி.பி. என்று இருந்து, சேஸிஸ் உறுதியாக இருந்து, இன்ஜெக்ஷன் சாமான்கள் முழுசாகப் பட்டியலில் தேறினால், டி.ஆர்.6-ஐத் துணிந்து எடுக்கலாம்.

இரண்டில் ஒன்று தகப்பனார் ஓட்டிய கார் என்றால்? அப்போது கணக்கு வேறு. அதை எடுங்கள். ஆனால் "லாபம் வரும்" என்று மனைவியிடம் சொல்லாதீர்கள். "அப்பாவின் கார்" என்றே சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு எந்த வீட்டிலும் மதிப்பு உண்டு.

மற்றது என்ன ஆவது?

விற்றுவிட வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே விற்க வேண்டும். "இது முடியட்டும், பிறகு அது" என்று வைத்திருந்தால், அது இடத்தை அடைத்துக்கொண்டு, மனத்தையும் அடைத்துக்கொண்டு, நாளுக்கு நாள் துருப்பிடிக்கும். குறைகளை மறைக்காமல் சொல்லி, பெட்டிகள் அத்தனையையும் கொடுத்து விற்றால், வாங்குகிறவர் அதற்கு உயிர் கொடுப்பார். கிடைக்கும் பணம் இந்தக் காரின் பெயிண்டுக்கு ஆகும்.

ஒரு காரைக் கைவிடுவது அதைக் கொல்வது ஆகாது. கைவிடாமல் பூட்டி வைப்பதுதான் கொல்வது!