வறண்ட மாதங்களில் மண்ணுக்குத் தீனி

பிரேசிலின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது செராடோ. புல்லும் குட்டை மரங்களும் கலந்த வெப்பமண்டலச் சவன்னா. மண் செக்கச்செவேலென்று இருக்கும்; ஆனால் சத்தில்லை. அமிலத்தன்மை அதிகம், அலுமினியம் வேரை வளரவிடாது, மணிச்சத்தும் குறைவு. 1973-ல் தொடங்கப்பட்ட எம்ப்ராபா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் உழவர்களும் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் இட்டு அதைச் சோயா விளையும் பூமியாக்கினார்கள்.

உரத்தால் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. அங்கே மே முதல் செப்டம்பர் வரை மழை அரிது. அறுவடைக்குப் பின் நிலம் வெறுமனே கிடந்தால், வேர்கள் கசியும் சர்க்கரையை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் பட்டினிதான். உயிருள்ள வேரை ஒட்டியே பிழைக்கும் மைக்கோரைசா பூஞ்சைகளின் பாடு இன்னும் மோசம். செடிக்கு எட்டாத மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுப்பவை அவை.

ஆகவே, மழை ஓயுமுன் மூடுபயிர் விதைக்கிறார்கள்: பிராக்கியாரியா புல், கம்பு, சணப்பை, துவரை. பின்னவை மூன்றும் நமக்குப் பழகியவைதான். நாம் சணப்பையைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவோம். அங்கே பெரும்பாலும் உழவே கிடையாது. தாளை நிலத்தின் மேலேயே விட்டு, அதன் ஊடே சோயாவை விதைக்கிறார்கள். பயறுவகைத் தாளில் தழைச்சத்து மிகுதி, சீக்கிரம் மட்கிவிடும். புல்லின் தாள் முரடு. அதை மெல்ல அரிக்கும் வேலையில் பூஞ்சைகளின் பங்கு பெரிது. சணப்பையின் உறவான கிலுகிலுப்பை இனம் ஒன்றை மூடுபயிராக விதைத்தால், பயிரைத் தாக்கும் நூற்புழு அதன் வேருக்குள் நுழைந்தாலும் பெருக முடிவதில்லை.

இப்படி மண்ணுயிரில் நேரும் மாற்றமெல்லாம் வழக்கமான மண் பரிசோதனையில் தெரியாது. எம்ப்ராபா 2020-ல் கொண்டுவந்த சோதனை, நுண்ணுயிர்கள் சுரக்கும் இரண்டு நொதிகளை அளக்கிறது. உலர்ந்த மண்ணோடு ஒரு வேதிக் கரைசலைச் சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் நொதி அதைச் சிதைக்கும். காரம் சேர்த்து வடிகட்டினால் மஞ்சள் நிறம் தெரியும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, நொதியின் வேலை அவ்வளவு சுறுசுறுப்பு.

ஆனால் மூடுபயிருக்கு மண்டியில் விலையில்லை. அதே ஈரத்தில் இரண்டாம் போகம் மக்காச்சோளம் போட்டால் காசு. எனவே பலர் மக்காச்சோளத்தின் ஊடே பிராக்கியாரியாவையும் சேர்த்தே விதைக்கிறார்கள். கதிர் அறுத்த பிறகு புல் தழைத்து மண்ணை மூடும். சோயா விதைக்குமுன் அந்தப் புல்லைக் காயவைக்கப் பெரும்பாலும் கிளைபோசேட் களைக்கொல்லிதான். மண்ணுயிரைக் காக்கும் ஏற்பாட்டில் நெருடுகிற இடம் இது. களைக்கொல்லிக்குப் பதில் உருளையால் நசுக்கிச் சாய்த்தால் கம்பும் சணப்பையும் மடியும். ஆனால் பிராக்கியாரியா மறுபடி துளிர்த்துவிடும்.