கொங்கு நாட்டில் நாயுடன் மழைக்கால நடை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தில் வளர்ப்பு நாயை நெடுந்தூரம் நடத்திச் செல்ல ஏற்ற காலம் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்கள் ஆகும். குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்து மலைநடையும், முதல் வெண்பனியில் சறுக்குவதும் நாயோடு சேர்ந்த பொழுதுபோக்குகளாக உள்ளன. கொங்கில் வெண்பனி இல்லை. ஆனால், வடகிழக்குப் பருவமழை மண்ணைக் குளிர்வித்து, குளங்களை நிரப்பி, மேய்ச்சல் நிலங்களைப் பச்சையாக்கும் இப்பருவமே இங்கு அதற்கு நிகரானது.

நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் உள்ள சிறிதளவு வியர்வைச் சுரப்பிகளைத் தவிர்த்தால், மூச்சிரைத்தே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. எனவே பங்குனி, சித்திரை வெயிலில் நடத்துவது வெப்பத்தாக்கில் முடியலாம். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கும், ஹஸ்கி போன்ற அடர்முடி நாய்களுக்கும் இந்த ஆபத்து மிகுதி. மழைக்காலத்திலும் நண்பகலில் தார்ச்சாலை சுடும். புறங்கையைச் சில நொடிகள் சாலையில் வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக் கூடாது.

மலையும் காடும்

நடை என்றதும் பலருக்கு வெள்ளியங்கிரி அடிவாரமும் வால்பாறையும் டாப்சிலிப்பும் நினைவுக்கு வரும். நாயுடன் செல்லக் கூடாத இடங்களும் இவையே. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் காட்டுப் பகுதிக்குள் செல்லப் பிராணிகளைக் கொண்டுசெல்ல இயலாது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. யானையைக் கண்டு குரைக்கும் நாய், யானை துரத்தினால் தன் உரிமையாளரை நோக்கியே ஓடி வரும். அவரும் யானையின் வழியில் சிக்குவார்.

இவற்றினும் பெரிய கேடு நோய்ப் பரவல். டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் வீட்டு நாய்களிலிருந்து காட்டு விலங்குகளுக்குத் தொற்றக்கூடியது. 1994-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இந்நோயால் மடிந்தன. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் அடுத்தடுத்து இறந்த சிங்கங்கள் சிலவற்றிலும் இவ்வைரஸ் கண்டறியப்பட்டது. ஆனைமலையில் வாழும் செந்நாய், வீட்டு நாயின் குடும்பத்தையே சேர்ந்தது என்பதால் அதற்கும் இந்நோய் அச்சுறுத்தலாகும்.

சமவெளியில் நடக்கத்தக்க இடங்கள்

நடப்பதற்கு உரியவை குளக்கரைகளும் ஊர்ப்புறத்து இட்டேரிகளுமே. நொய்யல் ஆற்று நீரால் நிரம்பும் குளங்கள் பேரூர் தொடங்கி உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் வரை தொடர்கின்றன. இப்பருவத்தில் வலசைப் பறவைகளும் அங்கு வந்து தங்குகின்றன. கயிறு இல்லாமல் விடப்படும் நாய் ஒரு கூட்டத்தையே எழுப்பிவிடும்.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் சென்றால் கொறங்காடுகளைக் காணலாம். கிளுவை உயிர்வேலி சூழ, வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் வளரும் தனியார் மேய்ச்சல் நிலங்கள் இவை. வேலி இருப்பதால் ஆடுமாடுகள் மேய்ப்பவர் இல்லாமலே உள்ளே மேய்கின்றன. அதனால் வேலிக்குள் புகும் நாயைத் தடுக்கவும் ஆளில்லை. இப்பகுதியில் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு 2024, 2025 ஆண்டுகளில் விவசாயிகள் போராடினர். ஆட்டை இழந்தவருக்குத் தெருநாய், வளர்ப்பு நாய் என்ற வேறுபாடு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இங்கு நாயைக் கயிற்றிலேயே பிடித்து, வேலிக்கு வெளியே இட்டேரி வழியாகவே நடக்க வேண்டும். உள்ளே செல்வதானால் நிலத்துக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். முன்பு நாயோடு முயல் வேட்டைக்குச் செல்லும் பழக்கமும் இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அது குற்றமாகும்.

கயிறு நாயின் நலனுக்கும் தேவை. தோட்டத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக வைக்கப்படும் அவுட்டுக்காய் என்னும் வெடியைக் கடித்து யானைகளே இறந்துள்ளன. மோப்பம் பிடித்துச் செல்லும் நாய் அதைத் தின்பண்டம் என்றே எண்ணும். புல் மறைத்த இடங்களில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கும்.

நடைக்கு முன்னும் பின்னும்

ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை மழைக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் இருப்பதாலும், அது மனிதருக்கும் தொற்றும் என்பதாலும், நாய்க்குக் குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது.

மழைக்குப் பின் புல்வெளியில் உண்ணிகள் பெருகும். எர்லிக்கியா, பபேசியா ஆகிய இரத்த நோய்களை இவை பரப்புகின்றன. வீடு திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு, வால் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து, உண்ணி இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து இடுக்கியால் நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது. சில நாட்களில் நாய் உணவை மறுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பாதத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். மழைக்குப் பின் படரும் நெருஞ்சி காய்ந்ததும் அதன் முள் விரலிடுக்கில் ஏறிக்கொள்ளும்.