சந்தை நகரும் பிரயாணியும்: சாவகச்சேரியை முன்வைத்து ஒரு நோக்கு

கிராமியச் சந்தை நகரொன்றைப் பார்வையிடச் செல்லும் பிரயாணி பெரும்பாலும் ஒரு முன்முடிவுடனேயே அங்கு செல்கின்றார். பெருநகரங்களில் அழிந்துபோன ஏதோவொன்று அங்கு மாறாமல் எஞ்சியிருக்கின்றது என்பதே அம்முன்முடிவு. பனையோலைக் கடகங்களும், நிலத்திற் குவித்துவைத்த மாம்பழங்களும், பேரம் பேசுவோரின் குரல்களும் அதனை மெய்ப்பிப்பன போலத் தோன்றுகின்றன. புகைப்படங்கள் சிலவற்றுடன் அவர் மனநிறைவோடு திரும்பிவிடுகின்றார். 2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்ற பின்னர், தென்னிலங்கையிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் இத்தகைய பிரயாணிகள் வடபகுதிக்குப் பெருமளவில் வரலாயினர். அவர்கள் காணும் காட்சி பொய்யன்று. ஆயினும் அது பாதிக் காட்சியே. சந்தையிலே கண்ணுக்குப் புலப்படுவன பண்டங்கள். அவற்றை அங்கு கொணர்ந்து சேர்த்த மனித உறவுகள் எளிதிற் புலப்படுவதில்லை. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவது எவ்வாறு என்பதை, தென்மராட்சியின் சாவகச்சேரியை முன்வைத்து இக்கட்டுரையிலே விளக்க முயல்கின்றோம்.

அமைவிடமும் சந்தைச் சமூகமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்லும்போது ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் சாவகச்சேரி அமைந்துள்ளது. ‘சாவகர்’ என்னும் சொல்லை உள்ளடக்கிய இப்பெயரை, 13ஆம் நூற்றாண்டில் இலங்கைமீது படையெடுத்த சாவக மன்னன் சந்திரபானுவுடன் தொடர்புபடுத்தி நோக்கும் ஆய்வாளருளர். பெயரின் தொன்மை எவ்வாறாயினும், இவ்வூர் சந்தை நகராக நிலைபெற்றமைக்கான காரணங்களை அதன் புவியியலிலேயே தேடுதல் வேண்டும்.

வலிகாமத்தின் செம்மண் நிலம் கிணற்று நீர்ப்பாசனத்தில் வெங்காயம், மிளகாய், புகையிலை முதலியவற்றை விளைவிப்பது. தென்மராட்சியோ பெருமளவிற்கு மணற்பாங்கானது. இங்கே தென்னையும் பனையும், வீட்டு வளவுகளில் மாவும் பலாவும் செழித்து வளர்கின்றன. தாழ்ந்த நிலங்களில் மழையை நம்பிய நெற்செய்கை நடைபெறுகின்றது. தெற்கே கடனீரேரி மீனும் நண்டும் இறாலும் தருகின்றது. மீசாலை, நுணாவில் வளவுகளின் பழங்களும், மட்டுவிற் கத்தரிக்காயும், கச்சாய்க் கரையின் மீனும் ஒன்றையொன்று நாடும் இடமாகவே சாவகச்சேரி அமைந்தது. ஒவ்வோர் ஊரும் தன்னிடம் மிகுதியாக உள்ளதைக் கொடுத்துத் தன்னிடம் இல்லாததைப் பெறும் தேவையே சந்தையின் தோற்றுவாய் எனலாம்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக் கிராமியச் சந்தைகளை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜி. வில்லியம் ஸ்கின்னர், 1964, 1965ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளிலே முக்கியமான கருத்தொன்றை முன்வைத்தார். விவசாயியின் சமூக உலகம் அவனது கிராமத்தோடு முடிவதில்லை. அவன் சென்றுவரும் சந்தையின் எல்லையே அவ்வுலகின் எல்லை என்பது அவர் கருத்து. திருமணப் பேச்சு, கடன், வழக்கு, செய்தி ஆகிய யாவும் சந்தையின் வழியே பரவுவதை அவர் எடுத்துக்காட்டினார். எமது சந்தை நகரங்களுக்கும் இக்கருத்துப் பெரிதும் பொருந்துவதாகும். ஆயின், சந்தையைச் சுற்றி ஒரு சமூகம் உண்டென்று கூறுவதோடு நின்றுவிட முடியாது. அச்சமூகத்தினுள்ளே எவர் எவ்விடத்தில் நிற்கின்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

சந்தையின் இயக்கம்

சந்தையைப் பார்க்க விரும்பும் பிரயாணி காலையிலேயே அங்கு செல்லுதல் வேண்டும். வெயிலேறிய பின்னர் அவர் காண்பது சில்லறை வியாபாரத்தை மட்டுமே. விலையைத் தீர்மானிக்கும் கொடுக்கல் வாங்கல் அதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. சைக்கிளிலும் சிறு வாகனங்களிலும் விவசாயிகள் கொணரும் விளைபொருளை மொத்த வியாபாரிகள் அந்நேரத்திலேயே கொள்வனவு செய்கின்றனர். அதன் ஒரு பகுதி அதே சந்தையின் சில்லறைக் கடைகளுக்கும், மற்றொரு பகுதி லொறிகளிலேறித் தொலைவிடங்களுக்கும் செல்கின்றது.

பருவத்தையும் கவனித்தல் அவசியம். சித்திரை, வைகாசியில் நுங்கும், கோடை முதிர முதிர மாம்பழமும் பலாப்பழமும், ஆடி, ஆவணியில் பனம்பழமும், தை பிறந்தபின் பனங்கிழங்கும் சந்தையை நிறைக்கின்றன. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவிந்து கிடப்பதைக் காணும் பிரயாணி, அதனை விற்பவரே அம்மரத்தின் சொந்தக்காரர் என எண்ணிவிடலாகாது. மரம் பூத்த நிலையிலோ பிஞ்சு விட்ட நிலையிலோ அதனை வியாபாரியொருவர் குத்தகைக்கு எடுத்துக்கொள்வது வழக்கமான ஒன்றாகும். வளவின் சொந்தக்காரருக்கு அப்போதைய செலவுக்குக் காசு கிடைக்கின்றது. காற்று மழையால் நேரும் இழப்பும், விலையேற்றத்தால் வரும் இலாபமும் வியாபாரியைச் சேருகின்றன. கையில் முதல் உள்ளவர் காத்திருக்கலாம், அது இல்லாதவர் காத்திருக்க முடியாது என்னும் எளிய உண்மை இவ்வழக்கத்தின் அடிப்படையாக உள்ளது.

சந்தைக் கட்டடத்தின் உட்புறத்தை மட்டும் பார்த்தலும் போதாது. அதன் ஓரங்களிலே ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, சுளகு, பெட்டி, பாய் முதலியவற்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்போருட் பலர் வயது முதிர்ந்த பெண்கள். பினாட்டுச் செய்வதற்குப் பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயில் ஊற்றி, வெயிலிற் பல நாட்கள் காயவைத்தல் வேண்டும். ஒடியலுக்குக் கிழங்கைக் கிண்டி, தோலுரித்து, கிழித்து உலர்த்துதல் வேண்டும். பெட்டி இழைப்பதற்குக் குருத்தோலையை வெட்டி, காயவைத்து, வார்ந்தெடுத்தல் வேண்டும். இவ்வேலைகள் வீட்டிலே, ஏனைய வேலைகளுக்கிடையே செய்யப்படுவதால் உழைப்பாகக் கணக்கிடப்படுவதில்லை. கணக்கிடப்படாத உழைப்பே இப்பண்டங்களின் மலிவுக்குக் காரணம். ‘எவ்வளவு மலிவு’ என வியக்கும் பிரயாணி, தாம் அறியாமலே இவ்வுண்மையைக் கூறிவிடுகின்றார்.

விலையும் கழிவும்

சந்தையை நடத்தும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களைச் சார்ந்தது. அவை விற்பனையாளரிடம் கட்டணம் அறவிடும் உரிமையைக் கேள்விப்பத்திர மூலம் ஆண்டுக் குத்தகைக்கு விடுவது நெடுங்காலமாக நிலவிவரும் முறையாகும். குத்தகை எடுத்தவர் தாம் செலுத்திய தொகையையும் அதற்குமேல் இலாபத்தையும் ஈட்ட முயல்வது இயல்பே. கடகம் ஒன்றுடன் வந்தவருக்கும் லொறி நிறையச் சரக்குடன் வந்தவருக்கும் இச்சுமை ஒரே அளவினதாக உறைப்பதில்லை.

இதனினும் பாரதூரமானது ‘கழிவு’ எனப்படும் வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சந்தைகள் பலவற்றில், விவசாயி கொணரும் மரக்கறியில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ வீதம் கழித்துக்கொண்டு, மீதிக்கே விலை கொடுக்கும் முறை நெடுநாள் நிலவிவந்துள்ளது. அழுகல், ஈரம், ஒட்டியுள்ள மண் ஆகியவற்றுக்கு ஈடாகவே இது பெறப்படுவதாக வியாபாரிகள் விளக்கமளிப்பர். ஆயின், நல்ல சரக்குக்கும் பழுதான சரக்குக்கும் ஒரே கழிவு பெறப்படுமிடத்து அவ்விளக்கம் வலுவிழந்துவிடுகின்றது. கணக்கொன்றைப் பார்ப்போம். கிலோ 100 ரூபா வீதம் 100 கிலோ கத்தரிக்காய்க்கு விவசாயிக்கு உரியது 10,000 ரூபா. கழிவின் பின்னர் அவர் பெறுவது 9,000 ரூபா. உரம், நீர் இறைப்பு, கூலி, வாகனச் செலவு யாவும் நூறு கிலோவுக்கும் செலவானவை; வருமானமோ தொண்ணூறு கிலோவுக்கே கிடைக்கின்றது. இழக்கப்படும் ஆயிரம் ரூபா முழுவதும் அவரது இலாபப் பகுதியிலிருந்தே செல்கின்றது என்பது கவனிக்கத்தக்கது.

இதனைத் தடைசெய்யும் அறிவித்தல்களை அதிகாரிகள் ஒரு தடவைக்கு மேல் விடுத்துள்ளனர். அவ்வாறிருந்தும் இவ்வழக்கம் எளிதில் ஒழியாமைக்குக் காரணம் பண்டத்தின் இயல்பிலேயே உண்டு. கத்தரிக்காய் மறுநாள்வரை காத்திராது. குளிரூட்டிய களஞ்சிய வசதியற்ற சிறு விவசாயி, கழிவுக்கு இணங்க மறுத்துச் சரக்கைத் திருப்பிக்கொண்டு போவாராயின் முழுவதையுமே இழப்பார். எனவே தடையுத்தரவு மட்டும் போதாது. களஞ்சிய வசதி, தராசின்மீது மேற்பார்வை, விவசாயிகளின் கூட்டுறவு விற்பனை ஆகியவை ஒருங்கிணையாதவிடத்து, விவசாயியின் பேரம் பேசும் வலு வளரப்போவதில்லை.

தேநீர்க்கடையும் சமத்துவமும்

சந்தைக்கு வருவோர் களைப்பாறும் இடம் தேநீர்க்கடை. பிரயாணியும் அங்கே அமர்ந்து தேநீர் அருந்துவார். அந்த ஆசனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர், தாம் விளைவித்த பொருளையும் இழைத்த பெட்டியையும் விற்கச் சந்தைக்குள் வரலாம். ஆனால் அதனருகேயுள்ள தேநீர்க்கடையினுள் ஏனையோருடன் சமமாக அமரலாகாது, அவர்களுக்கு வேறு பாத்திரமே வழங்கப்படும் என்ற நிலை யாழ்ப்பாணத்திலே இருந்தது. அவர்களது உழைப்பின் பயன் தீட்டாகவில்லை. உழைத்த மனிதரே தீட்டானவராகக் கருதப்பட்டனர். இம்முரண்பாடு மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடங்களுள் சந்தை நகரும் ஒன்றாகும்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இத்தகைய பாகுபாட்டைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனினும் சட்டப் புத்தகத்திலிருந்த உரிமை தேநீர்க்கடை வாசலுக்கு வந்துசேர மக்களின் போராட்டம் வேண்டியிருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்டது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் சங்கானை, சாவகச்சேரி போன்ற சந்தை நகரங்களின் தேநீர்க்கடைகள் இப்போராட்டத்தின் களங்களாயின. சந்தை தானாகவே மனிதரைச் சமப்படுத்தும் என்னும் வாதத்துக்கு இவ்வரலாறு தக்க மறுப்பாகும். பணம் சாதி பார்ப்பதில்லை என்பர். பணம் மாறிய அதே முற்றத்தில் சாதி பார்க்கப்பட்டது. சமத்துவம் போராடியே பெறப்பட்டது.

‘மாறாத’ சந்தையின் மாற்றங்கள்

சந்தை நகர் மாற்றமற்றது என்ற எண்ணத்தை இனிச் சோதித்துப் பார்க்கலாம். 1902ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் அப்பாதை தெற்கோடு இணைந்தது. மாட்டுவண்டி செல்லக்கூடிய தூரமே எல்லையாக இருந்த சந்தை, இதனாற் கொழும்புடன் தொடர்புற்றது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் குடாநாட்டின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலையைப் பெற்றுக்கொடுத்தன. 1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை அப்பாதுகாப்பை நீக்கியது. சந்தையிலே எதனையும் மாற்றாமலே, தலைநகரில் எடுக்கப்பட்ட தீர்மானமொன்று அதன் விலைகளை மாற்றியமைத்தது.

பின்னர் போர் வந்தது. 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி இந்திய அமைதிப் படையின் உலங்குவானூர்திகள் நடத்திய தாக்குதலிற் சாவகச்சேரிச் சந்தைப் பகுதியில் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். 1990இல் வடக்குக்கான புகையிரதம் நின்றுபோயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியே அவர்களுட் பெரும்பாலோருக்குப் புகலிடமாயிற்று. சிறிய சந்தை நகரொன்று ஒரு பெருநகரின் மக்கட்டொகையைத் தாங்க நேர்ந்தது. 2000ஆம் ஆண்டின் சமர்களிலே சாவகச்சேரி பெரும்பாலும் இடிபாடாயிற்று. 2002இல் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் முகமாலையில் மீண்டும் மூடப்பட்டது. தெற்கிலிருந்து வரவேண்டிய அத்தியாவசியப் பொருட்களின் விலை உயர்ந்தது. தெற்குக்குச் செல்லவேண்டிய உள்ளூர் விளைபொருளோ வாங்குவாரின்றித் தேங்கியது. சந்தையின் உயிர் வீதியிலே தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. போர் முடிந்து வீதி திறந்தபின், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. அதே வீதியால் தம்புள்ளையிலிருந்து மரக்கறிகளும் வருகின்றன. இன்று உள்ளூர் விவசாயி தம் அயலூரவரோடு மட்டுமன்றி, நாடு முழுவதோடும் போட்டியிடுகின்றார்.

ஆகவே பிரயாணி ‘பழைமை’ என்று காண்பது, பல தடவை சிதைக்கப்பட்டு மக்களால் மீளக் கட்டியெழுப்பப்பட்ட ஒன்றாகும். அங்கு கடகம் இருப்பது காலம் உறைந்துபோனதன் அடையாளமன்று. எல்லாம் அழிந்தபோதும் பனை நின்றது. இழைக்கத் தெரிந்த கைகள் இருந்தன.

பிரயாணி கேட்கவேண்டிய வினாக்கள்

சந்தை நகரைப் பார்வையிடுவது தவறென நாம் கூறவில்லை. செவ்வனே பார்வையிடுதல் வேண்டும் என்பதே எமது கருத்து. இப்பண்டம் எந்த ஊரிலிருந்து வந்தது? இதனை விளைவித்தவர்தாம் விற்கின்றாரா? அவர் பெற்ற விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் இடையிலுள்ள தொகை எவரைச் சேருகின்றது? பெட்டி இழைத்த பெண்ணின் ஒரு நாட் கூலி யாது? இவ்வினாக்களைக் கேட்கத் தனித்த பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. விற்பவருடன் சற்று நின்று பேசும் பொறுமை போதும். இடைத்தரகரின்றி நேரே உற்பத்தியாளரிடம் வாங்குவதும், இரண்டு ரூபாவுக்காக முதிய பெண்ணொருவரிடம் பேரம் பேசாது விடுவதும் சிறு செயல்களே. அவை சந்தையின் அமைப்பை மாற்றிவிடமாட்டா. ஆயினும் அமைப்பை மாற்றவேண்டும் என்னும் கோரிக்கையை விளங்கிக்கொள்ளும் மனத்தை அவை உருவாக்கும்.

பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நாட்டார் பாடலையும் கூத்தையும் தொகுக்கச் செல்லும் நாம், சந்தையின் அளவைகள், தொழிற்பெயர்கள், விலை மாற்றங்கள், கழிவு முறைகள் ஆகியவற்றையும் முறையாகத் தொகுத்துவைத்தல் வேண்டும். கொத்து, றாத்தல், அந்தர் என்னும் அளவைகளைப் பயன்படுத்தி வியாபாரம் செய்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கின்றது. அவர்களது நினைவிலுள்ள கணக்குகள் எமது பொருளாதார வரலாற்றின் மூல ஆவணங்கள். அவற்றைப் பதிவுசெய்யும் பணி காலந்தாழ்த்தாது மேற்கொள்ளப்படல் வேண்டும்.