நாடி பிடிபடாது, ஆனால் ஆள் நடமாடுவார்

“டொக்டர், அப்பாவுக்கு நாடியே பிடிபடுதில்லை!” இருதயப் பம்பி பொருத்தியவரின் பிள்ளைகள் எங்களிடம் பதறிக் கேட்பது இதுதான். ஆள் கதைத்துக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். இப்பம்பி இரத்தத்தை விட்டுவிட்டு அடிப்பதில்லை, தொடர்ச்சியாகத் தள்ளுகிறது. ஆகவே நாடி பலருக்குக் கையில் தட்டுப்படாது; வீட்டு பிரஷர் மெசினும் பிழையாகக் காட்டும். ஆனால் மயங்கிக் கிடந்தால் உடனே 911.

சீனி வருத்தமும் மாரடைப்பும் நம்மவரிடையே அதிகம். மாரடைப்பில் தசை செத்தபின் இருதயம் மெல்லச் சோர்கிறது. மருந்துக்கு அடங்காதபோது, மாற்று இருதயம் கிடைக்கும்வரையோ நிரந்தரமாகவோ இடது கீழறையில் பம்பி பொருத்துவர். இங்கே ரொறன்ரோ பொது வைத்தியசாலையின் பீற்றர் மங்க் இருதய நிலையத்தில் இது செய்யப்படுகிறது.

1986 இல் ஒட்டாவாவில் வைத்தியர் வில்பேர்ட் கியோன் கனடாவின் முதல் செயற்கை இருதயத்தைப் பொருத்தியபோது, அதை இயக்கும் பெரிய இயந்திரம் கட்டிலருகே நின்றது. இன்றைய ‘ஹார்ட்மேட் 3’ நெஞ்சுக்குள் அடங்கிவிடும். அதன் சுழலி காந்தப்புலத்தில் எதிலும் முட்டாமல் மிதந்தபடி சுழல்கிறது. இரத்தம் தேங்கி உறையாதிருக்க, 2 செக்கனுக்கு ஒருமுறை தானே வேகத்தைக் குறைத்துக் கூட்டும்.

ஊரில் கிணறு வற்றினால் வாட்டர் பம்மை ஓடிப்போய் நிறுத்துவோமே? இங்கே அறையில் இரத்தம் குறைந்தால் பம்பி தானே வேகத்தைத் தணிக்கும். ஆனால் படியேறுகிறார் என்று தானாக வேகம் கூட்டாது. வேகத்தை வைத்தியசாலையில்தான் மாற்றுவர். உடலின் தேவைக்கேற்பத் தானே ஓட்டத்தைச் சரிசெய்யும் முழுச் செயற்கை இருதயம் அவுஸ்திரேலியர் டேனியல் டிம்ஸ் உருவாக்கிய ‘பைவாக்கோர்’. அது 2024 யூலையில் ஹியூஸ்டனில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இன்னும் பரிசோதனையில்தான் உள்ளது.

வயிற்றுவழியே வெளிவரும் வயரின் புண்வாயில் கிருமி தொற்றக்கூடாது. தொட்டிக் குளிப்பும் நீச்சலும் இல்லை. இரண்டு பற்றரிகள் 17 மணித்தியாலம் வரை தாங்கும். 2013 டிசம்பர் பனிமழையில் இந்நகரில் எத்தனையோ வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எனவே மேலதிக பற்றரி எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். வார்பரின் கட்டாயம். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் விலக்கல்ல. ஆனால் ஒரு கிழமை நிறைய, மறுகிழமை ஒன்றுமில்லை என்று சாப்பிடக்கூடாது. ஊரிலிருந்து வரும் சூரணங்களை எங்களிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. சிறுநீரகமும் ஈரலும் கெட்டபிறகு வந்தால் பம்பி பொருத்துவதே கடினம். நம் பெரியவர்களோ “வயசு போகுது, இளைக்கத்தானே செய்யும்” என்பார்கள். அடுத்தமுறை வரும்போது அப்பா எத்தனை தலையணை அடுக்கிப் படுக்கிறார் என்று நீங்களே சொல்லுங்கள். அவர் சொல்ல மாட்டார்.