அந்தி வானும் நிழலுருவும்

கிடர்பூரில் குடியேறிய நம்மவருள் பலர் சென்னைக் கடற்கரையில் ஞாயிறு எழக் கண்டவர்கள். அது நீருக்கு அப்பால் மறையும் காட்சியை ஹூக்ளி நதிக்கரையிலேதான் முதன்முதலாகக் கண்டிருப்பார்கள். அவ்வழகைப் பின்னணியாக்கி, எங்கள் இல்லத்துச் சிறுமியர் மூவரையும் நிழலுருவாகப் படமெடுத்து ஊரிலுள்ள ஆச்சிக்கு அனுப்ப விழைந்தோம்.

முதல் முயற்சி கைகூடவில்லை. மார்கழித் தொடக்கத்தில், ஊர்ப் பழக்கத்தை எண்ணி ஐந்தரை மணிக்குப் பிரின்செப் படித்துறையை அடைந்தோம், இருள் சூழ்ந்துவிட்டது! சென்னையைவிடக் கல்கத்தா ஏறத்தாழ 8 பாகை கிழக்கே உள்ளது. பாகை ஒன்றுக்கு 4 நிமிடமாக ஞாயிறு முந்துகிறது. குளிர்காலத்தில் இவ்வேற்றுமை இன்னும் மிகும். டிசம்பர் முதல் வாரத்தில் இங்கு ஐந்து மணிக்கு முன்பே ஞாயிறு மறைந்துவிடும்.

மறுவாரம் நான்கு மணிக்கே சென்றோம். 1992-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வித்யாசாகர் பாலம் வானில் கருங்கோடாக நின்றது. வானத்தின் ஒளி மிகுதி, முகத்தின் ஒளி குறைவு. காமிரா இரண்டையும் ஒருங்கே ஏற்பது அரிது. ஆகவே வானுக்கு ஏற்ப ஒளியளவை அமைத்தல் வேண்டும். கைப்பேசியாயின், திரையில் வானம் தெரியுமிடத்தை விரலால் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறைத்தால் போதும். பளிச்சொளி கூடாது. படமெடுப்பவர் படியில் தாழ அமர்ந்தால், உருவங்கள் எதிர்க்கரையின் மரங்களோடு கலவாமல் வானில் தனித்து எழும். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றால் மூவரும் ஒரு கரும்பாறை ஆகிவிடுவர். இதனை நாங்கள் பட்டே அறிந்தோம். ஞாயிற்றைக் காமிராவின் கண்ணாடி வழியே உற்று நோக்குதல் கண்ணுக்குக் கேடு. அது மறைந்த பின்னரும் சில நிமிடங்கள் வண்ணம் நிற்கும். அதுவே தக்க பொழுது. துறைமுக வேலிக்குள் மட்டும் அனுமதியின்றிப் படமெடுக்க முனையாதீர்கள்.

படம் மிக நன்றாக வந்தது. அச்சிட்டு அனுப்பினோம். ஆச்சி தொலைபேசியில் கேட்டார்: “எல்லாம் கறுப்பா இருக்கே, இதுல நம்ம பிள்ளை எது?”

எங்களுக்கு மறுமொழி எழவில்லை. ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1957-இல் வெளியான ‘ஏழாவது முத்திரை’ படத்தின் இறுதியில், குன்றின்மேல் கைகோத்து ஆடிச் செல்வோரை நிழலுருவாகக் காட்டினார். அரியதொரு மேகம் திரண்டபோது நடிகர் சிலர் புறப்பட்டுப் போயிருந்தமையால், உதவியாளர்களும், அவ்வழி வந்த பயணியர் இருவருமே அவர்தம் உடையணிந்து ஆடினராம். பார்த்தவர் எவரும் வேற்றுமை அறியவில்லை. முகமற்ற படத்தில் எவரும் எவராகவும் நிற்கலாம். திரைப்படத்துக்கு அது நன்மை. ஈராண்டாகப் பேத்தியரைக் காணாத ஆச்சிக்கு அது என்ன பயன்?

மீண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றோம். இம்முறை மேற்கு நோக்கி நிறுத்தி, மஞ்சள் வெயில் முகத்தில் விழ முதலில் ஒரு படம். பிறகே நிழலுருப் படம். இரண்டையும் ஒரே உறையில் இட்டு அனுப்பினோம்.

மறுவாரம் ஆச்சியின் குரல் சற்றே கடுமையாக ஒலித்தது: “மூத்தவ மெலிஞ்சிருக்காளே, சோறு போடுதியளா இல்லியா?”