வேதாளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பழம் கொடுக்கிறவரைப் பாருங்க

ரொம்ப நாளா நோட்டுல கிடந்த குறிப்புகளை இப்பத்தான் ஒழுங்குபடுத்தினேன். கேள்வி சின்னதுதான்: ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குப் பேய், மந்திரவாதி, சுடுகாடு எல்லாம் வருகிற கதைகளைக் கொடுக்கலாமா?

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் இது அவ்வப்போது கிளம்புகிற சண்டை. ஒரு வீட்டில், "ராத்திரி தனியா பாத்ரூம் போகவே பயப்படுறான், இதெல்லாம் வேண்டாம்" என்பார்கள். இன்னொரு வீட்டில் ஆர்.எல். ஸ்டைனின் 'கூஸ்பம்ப்ஸ்' வரிசையை அலமாரி நிறைய வாங்கி அடுக்கியிருப்பார்கள். அந்த வரிசை 1992ல் அமெரிக்காவில் தொடங்கியது. இந்த வயசுக்காரர்களுக்குத் திகில் கதை என்றாலே பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

நம்மிடம் இதற்கு ஆயிரம் வருஷத்துக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. விக்கிரமாதித்தனும் வேதாளமும். ஆனால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கதை பாதிதான் தெரியும். தெரியாத பாதியில்தான் மேலே உள்ள கேள்விக்கு விடை இருக்கிறது என்பது என் கட்சி.

தெரிந்த பாதி

ராஜா நடு ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போவான். மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். பிணத்துக்குள் இருக்கிற வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும்.

இது எல்லாருக்கும் தெரியும். ராஜா எதற்காக அந்தப் பிணத்தைத் தூக்கப் போனான் என்று கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் யோசிப்பார்கள். "யாரோ ஒரு சாமியார் கேட்டார்" என்று சிலர் சொல்வார்கள். அவர் எதற்குக் கேட்டார், கடைசியில் என்ன ஆச்சு? அங்கே பெரும்பாலும் அமைதி.

தினமும் ஒரு பழம்

இப்போது கிடைக்கிற பழைய வடிவங்களில் முக்கியமானது சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு, காஷ்மீரம். அனந்தன் என்ற அரசனின் பட்டத்தரசி சூரியவதிக்காக எழுதப்பட்ட நூல். அதற்கு மூலம் குணாட்யர் பைசாசி மொழியில் எழுதியதாகச் சொல்லப்படும் பிருகத்கதா. அந்த மூலம் இன்று இல்லை. நம்ம கொங்குவேளிர் எழுதிய பெருங்கதையும் அதே வேரிலிருந்து வந்ததுதான், அது உதயணன் கதையைச் சொல்கிறது.

சோமதேவரின் நூலில் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். விக்கிரமாதித்தன் என்ற பெயர் மற்ற வடிவங்களில் நிலைத்தது. அவன் சபைக்குத் தினமும் ஒரு சாமியார் வருவார். ஒரு பழத்தைக் கொடுப்பார், எதுவும் கேட்காமல் போய்விடுவார். ராஜா அதைப் பொக்கிஷக்காரரிடம் கொடுத்துவிடுவான், அவர் வாங்கிக் கிடங்கில் போட்டுவிடுவார். இப்படியே பத்து வருஷம். ஒருநாள் அங்கே வந்த குரங்கிடம் ராஜா விளையாட்டாக அந்தப் பழத்தைக் கொடுக்க, அது கடித்ததும் உள்ளேயிருந்து ஒரு ரத்தினம் விழுகிறது. கிடங்கைத் திறந்து பார்த்தால் பழங்கள் எல்லாம் அழுகிப்போய், ரத்தினங்கள் மட்டும் குவியலாகக் கிடக்கின்றன.

இவ்வளவு கொடுத்தவர் ஓர் உதவி கேட்டால் எப்படி மறுப்பது? சாமியார் கேட்டது: தேய்பிறை பதினாலாம் ராத்திரி தனியாகச் சுடுகாட்டுக்கு வா, மரத்தில் தொங்கும் பிணத்தை எடுத்துக்கொண்டு வா.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை இணைய மோசடி பற்றிக் கட்டாய வகுப்பு வைப்பார்கள். அதில் சொல்கிற வரிசை அப்படியே இதுதான். முதலில் நம்பிக்கையை வளர்ப்பது. பதிலுக்கு எதையும் கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பது. நன்றிக்கடன் சேர்ந்த பிறகு, "தனியா வா, யார்கிட்டயும் சொல்லாதே" என்பது.

லூப்பிலிருந்து வெளியே வருவது எப்படி

சோமதேவரின் நூலில் வேதாளத்தின் கேள்விகள் முடிவே இல்லாமல் ஓடுவதில்லை. 24ஆவது கேள்வியில் நின்றுவிடும். ஒரு ராஜாவும் அவன் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய காலடிக்காரியை அப்பாவும் சின்ன காலடிக்காரியை மகனும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு. பார்த்தால் பெரிய காலடி மகளுடையது, சின்னது அம்மாவுடையது. சொன்ன சொல் மாறாமல் கல்யாணம் நடக்கிறது. அந்த இரண்டு ஜோடிக்கும் பிறக்கிற பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் என்ன உறவு?

நீங்களே ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்க, தலை சுற்றும். ராஜாவுக்கும் விடை தெரியவில்லை. விதி என்ன? விடை *தெரிந்தும்* சொல்லாவிட்டால்தான் தலை வெடிக்கும். தெரியாதவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவன் பேசாமல் நடக்கிறான், மௌனம் கலையவில்லை, லூப் முடிகிறது. புரோகிராம் எழுதுகிறவர்கள் பார்த்துப் பொறாமைப்படுகிற மாதிரியான எக்ஸிட் கண்டிஷன் இது.

அப்போதுதான் வேதாளம் உண்மையைச் சொல்கிறது. அவனுடைய துணிவும் அறிவும் அதற்குப் பிடித்துப்போய்விட்டது. "அந்தச் சாமியார் உன்னைத்தான் பலி கொடுக்கப் போகிறான். விழுந்து கும்பிடச் சொல்லுவான். நான் ராஜா, எனக்குப் பழக்கமில்லை, நீயே ஒருதடவை செஞ்சு காட்டுன்னு சொல்" என்கிறது. ராஜா அப்படியே சொல்கிறான். சாமியார் குனிந்து காட்டுகிறான், தலை போகிறது.

ஆகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால்: பயங்கரமாக இருந்த வேதாளம் காப்பாற்றியது. பார்க்க மரியாதையாக இருந்தவர் கொல்லப் பார்த்தார். "பயமா இருக்கிறது" என்பதும் "ஆபத்தானது" என்பதும் வேறு வேறு. பத்து வயசுப் பிள்ளைக்கு இதைவிட அவசரமான பாடம் வேறு எது?

இது உலகத்துக்குத் தெரியாத உத்தி இல்லை. நீல் கெய்மனின் 'தி கிரேவ்யார்ட் புக்' 2008ல் வந்து அடுத்த வருஷம் நியூபெரி விருது வாங்கியது. அதில் ஒரு குழந்தையைக் கல்லறையில் இருக்கும் ஆவிகள் வளர்க்கின்றன. கொல்ல அலைவது உயிருள்ள ஒரு மனிதன்.

அம்புலிமாமா கொடுத்ததும் விட்டதும்

தமிழ்ப் பிள்ளைகளிடம் வேதாளத்தைக் கொண்டுபோனதில் பெரிய பங்கு அம்புலிமாமாவுக்கு. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. அந்த இருவரும்தான் 1951ல் 'பாதாள பைரவி' படத்தையும் எடுத்தார்கள். அந்தப் படத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க: புதையல் ஆசை காட்டும் மந்திரவாதி, துணிச்சலான இளைஞனைப் பலி கொடுக்கத் திட்டம், நாயகனுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை, அவன் முந்திக்கொள்கிறான். எலும்புக்கூடு அதே வேதாளக் கதையின் எலும்புக்கூடுதான்.

பத்திரிகையில் இந்த வகைக்கு இரண்டு தூண்கள். ஒன்று, தாசரி சுப்பிரமணியம் தெலுங்கில் எழுதி மற்ற மொழிகளுக்குப் போன சாகசத் தொடர்கள். 1954ல் 'தோகச்சுக்க', அதாவது வால்நட்சத்திரம், என்ற தொடரில் ஆரம்பித்து ஒரு டஜன் அளவுக்கு எழுதினார். மந்திரவாதிகள், பாழடைந்த கோயில், விசித்திர மிருகங்கள், மாசாமாசம் ஆபத்தான இடத்தில் 'தொடரும்'. எழுதியவர் பெயரைப் பத்திரிகை போடாது, அதனால் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியாது.

இன்னொரு தூண் வேதாளக் கதை. அதற்கு முகம் கொடுத்தவர் 1952ல் அங்கே சேர்ந்த ஓவியர் சங்கர், முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். கையில் வாள், தோளில் பிணம் என்று ராஜா நடக்கிற அந்தப் படத்தை ஒருதடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2020ல் காலமானார். மறைவுக்குப் பிறகு 2021ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

மூலத்தில் இருந்த கதைகள் தீர்ந்த பிறகும் அம்புலிமாமா நிறுத்தவில்லை. வேறு கதைகளை எடுத்து, கடைசியில் ஒரு கேள்வியைப் பொருத்தி, வேதாளத்தின் வாயில் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கில் வந்தன. மாதப் பத்திரிகைக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் இதற்காக எக்ஸிட் கண்டிஷனைக் கழற்ற வேண்டியிருந்தது. ராஜா விடை சொல்லிக்கொண்டே இருப்பான், வேதாளம் மரம் ஏறிக்கொண்டே இருக்கும், சாமியார் காத்துக்கொண்டே இருப்பார். மாதாமாதம் படித்த பிள்ளைக்கு வேதாளம்தான் ராஜாவுக்கு இடைஞ்சல் என்று படும். அது ராஜாவைக் காப்பாற்றுகிறது என்பது படாது.

2007ல் பத்திரிகை கைமாறியது, 2013 வாக்கில் நின்றும்போனது. நம் ஞாபகத்தில் தங்கியது அந்த முடிவில்லாத பாதிதான்.

பயத்தைக் கேள்வியாக மாற்றுவது

சரி, நடுவில் வருகிற அந்த 24 கேள்விகள் எதற்கு? போன மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போயிருந்தபோது, கார் பார்க்கிங்கில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தலைமாறிய கதையைச் சொன்னேன். கணவனும் மைத்துனனும் கோயிலில் தங்கள் தலையைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். தேவி இரங்கி, தலைகளை ஒட்டவைக்கச் சொல்கிறாள். அந்தப் பெண் பதற்றத்தில் மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் கணவன்? (இதே கதையைத்தான் தாமஸ் மன் 1940ல் ஜெர்மனில் குறுநாவலாக எழுதினார். கிரீஷ் கர்னாடின் 'ஹயவதனா' நாடகமும் இதிலிருந்து வளர்ந்ததுதான்.)

தலை வெட்டுகிற இடத்தில் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்தார்கள். கேள்வி வந்ததும் விலகி உட்கார்ந்து சத்தம் போட ஆரம்பித்தார்கள். "போன்ல மதர்போர்டை மாத்திட்டா அது அதே போனா அங்கிள்?" என்றான் ஒருவன். "அவங்கம்மாவுக்கு எது அவங்க பிள்ளைன்னு தெரியும்ல?" என்றாள் ஒரு பெண். தலை இருப்பவன்தான் கணவன் என்று ராஜா சொன்ன விடையை அவர்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

வேதாளக் கதையின் பொறியே இதுதான். முதலில் பயம் கவனத்தை இழுத்துப் பிடிக்கிறது. அடுத்த நிமிஷமே கேட்பவர் நீதிபதி ஆகிவிடுகிறார். தீர்ப்புச் சொல்கிறவனுக்கு நடுங்க நேரம் இல்லை. 24 தடவை இப்படிப் பழகிய ராஜாவுக்கு, 25ஆவதாகச் சாமியார் முன்னால் நிற்கும்போது கை நடுங்கவில்லை.

பிறகு பழம் கொடுத்த சாமியார் பகுதியைச் சொல்லிவிட்டு, "ஆன்லைன் கேம்ல தெரியாத ஒருத்தர் தினமும் உனக்கு ஏதாவது கிஃப்ட் அனுப்பிட்டே இருந்தா?" என்று கேட்டேன். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரியே அதில் ஒரு பிள்ளை தன் அம்மாவிடம் போனைக் காட்டியிருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

முருங்கை மரம் பற்றி ஒரு வார்த்தை

சோமதேவர் சொல்கிற மரம் சிம்சபா, அதாவது வடக்கே வளரும் சிசு மரம். தமிழில் அது முருங்கை ஆகிவிட்டது. முருங்கைக் கிளை படக்கென்று ஒடியும், ஆள் ஏற லாயக்கில்லாத மரம். முருங்கையில் பேய் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு மூன்று காம்பவுண்டு ஓரமாக முருங்கை நிற்கிறது. பேய் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளை ஏறாது. ஏன் ஏறக்கூடாது என்று யோசிக்கவும் செய்யாது. பயம் வேலியாக மட்டும் நின்றுவிட்டால் வருகிற நஷ்டம் அது.

அதனால் வாட்ஸப் குழுவில் நான் இப்போது சொல்வது இவ்வளவுதான். பேய்க்கதை கொடுங்க, ஆனால் வேதாளத்தை அழகுபடுத்திச் சிரிக்கவைத்துக் கொடுக்காதீங்க. சுடுகாட்டையும் சாமியாரையும் வெட்டிவிட்டு நீதியை மட்டும் நீட்டாதீங்க. முழுக் கதையையும் கொடுங்க, கேள்வி வரும் இடத்தில் நிறுத்திப் பிள்ளையைப் பேசவிடுங்க.

சோமதேவரின் நூலில் முடிவில் ராஜா வரம் கேட்கும்போது நாட்டையோ பொன்னையோ கேட்பதில்லை. இந்தக் கதைகள் உலகமெல்லாம் பரவ வேண்டும் என்கிறான். வேதாளம் சம்மதித்து, இவை சொல்லப்படுகிற இடத்தில் யட்சருக்கும் வேதாளத்துக்கும் சக்தி இருக்காது என்று கூடவே ஒரு வாக்கும் கொடுக்கிறது. பேயே கொடுத்த உத்தரவாதம் அது. நம்பலாம்.