மலைக்காடும் மேய்ச்சல் மாடும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ் மக்கள், ஊருக்கு வரும்போது திருமலைக்கும் ஒரு நடை சென்று திரும்புவது வழக்கம். அலிபிரியில் படியேறத் தொடங்கும் நம் கண்கள் கோபுரத்தைத் தேடுகின்றனவேயன்றி, இரு மருங்கிலும் நிற்கும் காட்டைக் கருதுவதில்லை. பண்டைத் தமிழர் தம் நாட்டிற்கு வட எல்லையாகக் கொண்ட வேங்கடம் இதுவே. இம்மலைக்காட்டிற்கும், அடிவாரத்து ஊர்களின் ஆடுமாடுகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

சேஷாசல மலைத்தொடர் மழை வளம் மிகுந்ததன்று. கற்பாங்கான நிலம், கோடையில் இலையுதிர்ந்து நிற்கும் மரங்கள், இடையிடையே முட்புதர்கள். ஆயினும் இதன் செல்வம் அரியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் இங்கே உள்ளது. 'சைகஸ் பெட்டோமி' எனத் தாவர நூலார் வழங்கும், ஈச்சமரத்தை ஒத்த தொன்மையான செடியினம் ஒன்றும் இப்பகுதிக் குன்றுகளுக்கே உரியது. இவற்றைக் கருதியே 1989 ஆம் ஆண்டில் ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்கா அமைந்தது. 2010 ஆம் ஆண்டில் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய காட்டில் மாடு மேய்வதால் என்ன கேடு விளையும்? முதிர்ந்த மரத்தை மாடு ஒன்றும் செய்துவிடாது. ஆனால் விதையிலிருந்து முளைத்த கன்றையும், வெட்டிய அடிமரத்தில் துளிர்த்த தளிரையும் ஆடும் மாடும் கடித்துவிடுகின்றன. குளம்புகள் மிதித்து இறுகிய மண்ணில் மழைநீர் ஊறாமல் ஓடிவிடுகிறது. மந்தையோடு வரும் கோமாரி நோய் புள்ளிமானையும் கடமானையும் பற்றக்கூடும். கிழவர்கள் மட்டும் வாழ்ந்து குழந்தைகளே இல்லாத ஊரின் நிலை எதுவோ, அதுவே இளங்கன்றுகள் இல்லாத காட்டின் நிலையும் ஆகும்.

எனினும், மாட்டுக்காரனைக் குற்றவாளியாக்கிவிடுதல் முறையன்று. பழைய சித்தூர் மாவட்டத்துப் புங்கனூர், சிறிய உருவமும் குறைந்த தீனியில் பால் தரும் இயல்பும் கொண்ட பசுவினத்தின் தாயகம். மழை பொய்த்த ஆண்டில் வயலில் வைக்கோல் இல்லை. காட்டில் புல் இருக்கிறது. அவன் வேறு எங்கே போவான்?

இக்கேள்விக்கு விடையாகவே ஊர் மக்களையும் காவலில் சேர்க்கும் முறை தோன்றியது. 1990 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று மத்திய அரசு விடுத்த சுற்றறிக்கை இதற்கு வழி வகுத்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 1992 முதல் 'வன சம்ரக்ஷண சமிதி' என்னும் பெயரில் ஊர்தோறும் குழுக்கள் அமைக்கப்பட்டன. காப்புக்குரிய பகுதியில் மேய்ச்சல் கூடாது. ஆனால் புல்லை அறுத்து இலவசமாக வீட்டிற்குக் கொண்டுசெல்லலாம் என்பது அச்சுற்றறிக்கையின் கருத்து. மாடு காட்டிற்குப் போவதற்குப் பதிலாகப் புல் தொழுவத்திற்கு வருகிறது, கன்றும் பிழைக்கிறது.

ஆயினும் விதி தானாகவே காட்டைக் காப்பதில்லை. முறை வைத்து ஊரார் சென்று பார்த்தல் வேண்டும். அங்ஙனம் செல்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும்? புதுச் சாணமும் குளம்படியும் எங்கே தென்படுகின்றன, எத்தனை மாடுகள் வந்தன, தளிர்கள் எந்த உயரம்வரை கடிபட்டிருக்கின்றன, சுனையில் நீர் உண்டா, நொண்டும் மாடோ நோயுற்ற மாடோ உண்டா என்பவையே முக்கியமானவை. இப்போது பல மாடுகளின் காதில் 12 இலக்க அடையாளத் தகடு இருத்தலால், உரியவரைக் கண்டறிதலும் எளிது. கோடையில் புகையையும் கவனிக்க வேண்டும். 2014 மார்ச் மாதத்தில் திருமலைக் காட்டில் பரவிய தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்களே வர நேர்ந்ததை நாம் மறத்தலாகாது.

மேய்ச்சலை ஒரே ஆணையால் நிறுத்திவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். தில்லியில் வாழும் அன்பர்கள் பலர் பரத்பூர்ப் பறவைச் சரணாலயத்தைக் கண்டிருப்பார்கள். அங்கே 1982 ஆம் ஆண்டில் மாடும் எருமையும் மேய்வது திடீரெனத் தடுக்கப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தனர், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆராய்ந்தபோது, எருமைகள் மேயாமையால் நீர்ப்பரப்பில் புல் மண்டி, பறவைகளுக்கே இடையூறு விளைந்தது தெரிய வந்தது. இங்கிலாந்தின் புதர்வெளிக் காப்பகங்களிலோ, மரங்கள் மண்டிவிடாதிருக்க மாடுகளை வேண்டுமென்றே மேயவிடுகின்றனர். அவை நலமாக உள்ளனவா, வேலி ஒழுங்காக உள்ளதா என்று தொண்டர்கள் முறை வைத்துப் பார்த்து வருகின்றனர்.

ஓரிடத்தில் மாடு காட்டைக் கெடுக்கிறது, மற்றோரிடத்தில் காக்கிறது. எந்த நிலத்திற்கு எத்தனை மாடு, எந்தப் பருவத்தில், எத்தனை நாள் என்பதை எங்கோ இருந்துகொண்டு முடிவு செய்ய இயலாது. நேரில் சென்று எண்ணிப் பார்ப்பவர் வேண்டும். அவர் அந்த மாட்டுக்காரனின் முகம் அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். தேசியப் பூங்காவினுள் மேய்ச்சலை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அச்சட்டம் ஏட்டளவில் நிற்பதும் நிலத்தில் நிலைப்பதும் அடிவாரத்து மக்களின் ஒத்துழைப்பைப் பொறுத்தன.

அடுத்த முறை நாம் அப்படிகளில் ஏறும்போது, சற்றே நின்று ஓரத்துப் புதர்களை நோக்குவோம். பாறை இடுக்கில் கடிபடாத இளங்கன்று ஒன்று நிற்குமாயின், அதன் பின்னே யாரோ ஒருவர் வெயிலில் நடந்த நடை இருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்வோம்.